முன்பக்கம் பிடிக்கலை

ஒத்தக்கல்மேட்டில் ஆண்களுக்குப் பெண் கிடைக்காமல் போன காலத்தில் வீட்டுக்கு வீடு வாசலில் ஒரு ரேஸ் வண்டி நின்றது. இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள், அவர்களுக்கு என்ன தெரியும். படித்து முடித்த பெண்களெல்லாம் கோயமுத்தூருக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போய்விட, தறிக்குடோனுக்கும் தென்னந்தோப்புக்கும் வாரிசாகப் பிறந்த பையன்கள் முப்பதைத் தாண்டி, முன்மண்டை பளபளக்க, ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைந்தபோது, யாரோ ஒரு கல்யாணத் தரகர், பொண்ணுங்களுக்கு வயசுப்பையன்தான் வேணுமாம், வயசு தெரியாம இருக்கறதுக்கு ஒரு நல்ல வண்டியா வாங்குங்க என்று சொல்லிவிட்டுப் போனார். போன வயசு வராது, வண்டி ஷோரூமிலேயே நிற்கிறது என்று ஊரும் அதைச் சிக்கெனப் பிடித்துக்கொண்டது. குப்புறப் படுத்துக்கொண்டு ஓட்டவேண்டிய, பின்சீட்டில் ஒரு பூனைக்கு மேல் எதுவும் உட்கார முடியாத வண்டிகள் லாரியில் வரிசையாக வந்து இறங்கின. பெண்டாட்டியைக் கொண்டுவருவதற்காக வாங்கிய வண்டியில் பெண்டாட்டிக்கு இடமில்லை என்பதை அப்போது ஒருவரும் கவனிக்கவில்லை.

பூபேஷிடம் சிவப்பில் ஒன்று இருந்தது. அப்பா விட்டுப்போன விசைத்தறிகளும், அம்மா ருக்மணியும், வேளைக்குச் சோறும், எல்லாம் அவனுக்கு இருந்தன, பெண் ஒன்றைத் தவிர. அவனும் பார்க்காத பெண் இல்லை. போவார்கள், கேசரி சாப்பிடுவார்கள், ஊருக்குப் போய்ப் போன் பண்ணுகிறோம் என்று எழுந்துவருவார்கள், வீடு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் போன் வந்துவிடும். ருக்மணி போனைக் காதில் வைத்து, சரிங்க சரிங்க என்று இரண்டு தரம் சொல்லிக் கீழே வைப்பாள். பூபேஷ் முகத்தைப் பார்ப்பான். அவள் அடுப்பைப் பார்ப்பாள். "பிடிக்கலையாமா," என்பாள். அந்த ஒரு வார்த்தையை இத்தனை வருசமாகக் கேட்டுக்கேட்டு, கரண்டு போனால்கூடத் தன்னைப் பிடிக்காமல்தான் போயிருக்கிறது என்று நினைக்கிற நிலைக்கு அவன் வந்திருந்தான்.

ஒருநாள் ரயில்வே கேட் இறக்கத்தில் முன்பிரேக்கை அழுத்தினால் லீவர் கைப்பிடியோடு வந்து ஒட்டிக்கொண்டதே தவிர வண்டி நிற்கவில்லை. சிமெண்டு லாரியின் பின்பலகையில் எழுதியிருந்த 'நன்றி மீண்டும் வருக'வை மூக்கால் தொட்டுவிட்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டே மயில்ராஜ் பட்டறைக்கு வந்து சேர்ந்தான். மயில்ராஜ் ரேஸ் மெக்கானிக். "நான் டிராக்குல இருந்தப்ப" என்று தொடங்காமல் அவன் எதையும் பேசியதில்லை. டிராக்கின் காம்பவுண்டுச் சுவருக்கு வெளியே இளநீர்க் கடையில் இருந்தான் என்பது ஊருக்குத் தெரியும், இருந்தாலும் டிராக் டிராக்தானே என்று ஊர் விட்டுவிட்டது.

"என்னாச்சுங் பூபேஷு, மூஞ்சி இப்பிடித் தொங்கிப்போயிருக்குது?"

"பிடிக்கலைங்ணா."

"எப்ப இருந்து?"

"ரொம்ப வருசமாவே."

"முன்பக்கமா, பின்பக்கமா?"

"முன்பக்கந்தானுங்ணா. பின்பக்கத்தை ஆரு பாக்கறாங்க."

"விடுங்க, நம்மகிட்ட வந்துட்டீங்கல்லோ. எல்லாத்துக்கும் பிடிக்கற மாதிரி பண்ணிப்போடலாம்."

ஒருவன் வண்டியைப் பற்றிக் கேட்டானா, மற்றவன் வண்டியைப் பற்றித்தான் பதில் சொன்னானா என்பது அந்த இரண்டு பேருக்குமே கடைசிவரை தெரியாது. மயில்ராஜ் பழைய பிரேக் ஆயிலைக் கொட்டினான், புதுசை ஊற்றினான், குழாயில் அடைத்திருந்த காற்றை எடுத்தான், சக்கரத்தட்டைக் கவ்வுகிற பேடு இரண்டையும் உப்புத்தாளில் தேய்த்து மாட்டினான், இப்ப அமுத்துங்க என்றான். பூபேஷ் லீவரை அழுத்தினான். மயில்ராஜ் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டு எழுந்து, கிரீஸ் கையோடு அவன் கன்னத்தைத் தடவி, "எனக்கு உங்களை எப்பவுமே பிடிக்குமுங்க, சொன்னதில்ல, அவ்வளவுதான்," என்றான். கண்ணில் தண்ணீர் நின்றது. பூபேஷ் பயந்துபோய் லீவரை விட்டான். "வண்டிய அக்கட்டால எடுங்க, வெளிச்சத்த மறைக்குது," என்று மயில்ராஜ் ஸ்பேனரைத் தேடினான்.

போகிற வழியில் பேக்கரி முக்கில் ஒரு வேகத்தடை. அங்கே சாயங்காலமானால் உட்கார்ந்திருக்கிற கூட்டம் பூபேஷைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு வருசக்கணக்காயிற்று, "மொட்டைமாடி" என்றுதான் கூப்பிடும். அவன் வேகத்தடையில் பிரேக்கைப் பிடித்தான். அத்தனை பேரும் எழுந்துவந்து, தேங்காய் பன்னைப் பிய்த்து அவன் வாயில் ஊட்டினார்கள். விட்டான், ஊட்டிய கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தார்கள். பிடித்தான், வந்தார்கள். விட்டான், போனார்கள். நாலு தரம் வந்து போன பிறகு பேக்கரிக்காரர் விசயத்தைப் புரிந்துகொண்டு டீயை ஆற்றியபடியே கேட்டார்: "ஏனுங் பூபேஷு, இதுனால மைலேஜ் ஏதாவது குறையுமுங்களா?"

மறுநாள் விடிந்ததும் மயில்ராஜ் பட்டறை வாசலில் தேர்க்கூட்டம். அவன் கைபட்டு ஆயில் மாற்றிய வண்டிகளெல்லாம் அப்படியே வேலை செய்தன. காரணத்தை அவனிடம் கேட்டால், நான் டிராக்குல இருந்தப்ப இதெல்லாம் சாதாரணமுங்க என்றான். ஊர் அதோடு காரணத்தை விட்டுவிட்டுக் காரியத்தைப் பார்க்கப் போய்விட்டது. ரேஷன் கடைக்கு வண்டியிலேயே வந்தார்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைக்குச் சீட்டுக் கேட்கிறவர்கள் தலைமையாசிரியர் அறைக்குள் வண்டியை ஏற்றினார்கள். கூட்டுறவு வங்கியில் 'வண்டியை வெளியே நிறுத்தி, பிரேக்கை விட்டுவிட்டு உள்ளே வரவும்' என்று பலகை வைத்தார்கள். டிராபிக் போலீஸ்காரர், லைசன்ஸ் கேட்பதற்கு முன்னால், "மொதல்ல அந்தக் கைய எடு," என்று சொல்லப் பழகினார். ஒருவன் சமையல்கட்டுக்குள் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தி, தோசை முறுகலாக வரும்வரை பிடித்துக்கொண்டிருந்தான். இன்னொருவன் மாரியம்மன் கோயில் கருவறைக்கு நேரே நின்று அழுத்திப் பார்த்தான், அம்மன் தலையிலிருந்து பூ விழுந்தது, ஆனால் அது ஃபேன் காற்றுக்கு விழுந்தது என்று பங்காளிகள் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

இப்படியாக ஒத்தக்கல்மேட்டில் எல்லோருக்கும் எல்லோரையும் பிடித்தது, பிடித்திருக்கிற வரைக்கும். ஆண்களுக்கு வலது முன்கை மட்டும் உலக்கைபோல் திரண்டது. பேக்கரி பெஞ்சில் இப்போது பேச்செல்லாம் பிரேக் பற்றித்தான். பால்காரர் மொபெட்டில் டிரம் பிரேக், அவர் இன்றைக்கு அழுத்தினால் நாளைக்குத்தான் பிடிக்கும், அதுவும் அவர் வராத நேரத்தில். வார்டு கவுன்சிலர் வண்டியில் ஏபிஎஸ், அது சக்கரத்தைப் பிடித்துப் பிடித்து விடுகிற சாமான், ஓட்டுக் கேட்டு அவர் வந்து நின்றபோது சனம் மாலையைப் போடுவதும் பிடுங்குவதும் போடுவதும் பிடுங்குவதுமாக ஒரு வீதியைக் கடப்பதற்குள் மாலை நாராகிவிட்டது. லீவரை டியூப் ரப்பரால் கட்டிவிட்டுக் கையை எடுத்துவிடலாமே என்று ஒரு புத்திசாலி கட்டிப் பார்த்தான். சனத்துக்கு ரப்பரைப் பிடித்துப்போயிற்று. அதற்குக் குங்குமம் வைத்து, யார் வீட்டில் வைத்துக்கொள்வது என்று சண்டை நடந்தது. அழுத்துகிற கை எதுவோ அதைத்தான் பிடிக்கும், வண்டி யாருடையதாக இருந்தாலும் சரி என்று அதிலிருந்து தெரிந்துகொண்டார்கள்.

இந்தச் சமயத்தில்தான் பூபேஷ் வேலங்காட்டுக்குப் பெண் பார்க்கப் போனான். பெண் சிந்துஜா, அரசாங்க ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பரிசோதிக்கிற வேலை. அப்பா அங்கமுத்து மண்டி வைத்திருந்தார். மாப்பிள்ளை வண்டியைவிட்டு இறங்கமாட்டார் என்று ருக்மணி சொன்னதும், அதுக்கென்னங்க, ஒவ்வொருத்தர்க்கு ஒரு பழக்கம் என்று நாற்காலிகளை வாசலுக்கு எடுத்துவந்து போட்டார்கள். பூபேஷ் லீவரை அழுத்தினான். அங்கமுத்துவுக்குப் பிடித்தது. அவர் பெண்டாட்டிக்குப் பிடித்தது. சிந்துஜா காபித் தட்டோடு வந்து, அவன் முன்கை நரம்பைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பிடிச்சிருக்குதுங்க," என்றாள். வாழ்க்கையில் முதல்முறையாக அந்த வார்த்தையைக் கேட்ட பூபேஷுக்கு அழுகை வந்துவிட்டது, ஆனால் கண்ணைத் துடைக்க ஒரு கைதான் இருந்தது. வெற்றிலைபாக்கு மாற்றி நாள் குறித்தார்கள். அவன் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றினான். போன் வந்தது. ருக்மணி சரிங்க சரிங்க என்றாள்.

ஆகவே அவன் தினமும் வேலங்காட்டுக்குப் போகவேண்டியதாயிற்று. காலையில் போய்ப் பிடித்தால் கல்யாணம் உறுதி, விட்டுவிட்டு வந்தால் ரத்து. நடுவில் ஒருநாள் கை வலிக்கிறது என்று, பஸ்ஸில் வந்திருந்த ருக்மணியைக் கொஞ்ச நேரம் பிடிக்கச் சொன்னான். அங்கமுத்து வீட்டார் அத்தனை பேரும் ருக்மணியைச் சுற்றிக்கொண்டு, நீங்க இங்கயே இருந்துருங்க அக்கா, ஒரு வாய்ச் சோறு எங்களுக்குப் பாரமா என்றார்கள். ருக்மணி முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அவன் பார்த்ததேயில்லை. அவளிடமிருந்து லீவரைத் திருப்பி வாங்குவது பெரும்பாடாகிவிட்டது.

தினமும் பிடிப்பதில் சிரமம் இருந்தாலும் காரியம் ஒருவழியாக ஓடிக்கொண்டிருந்தது, நூல்மில் கேசவமூர்த்தி வருகிற வரைக்கும். கேசவமூர்த்திக்கு வயது நாற்பதைத் தொட்டிருந்தது, வண்டி அதற்கேற்ற பெரிசு. முன்சக்கரத்தைக் கவ்விப் பிடிக்கிற கேலிப்பரில் பேடை அழுத்த மூன்று பிஸ்டன். அவனும் அங்கமுத்து வாசலில் வந்து நின்று அழுத்தினான். இந்தப் பக்கம் பூபேஷ், இரண்டு பிஸ்டன், அந்தப் பக்கம் கேசவமூர்த்தி, மூன்று பிஸ்டன், நடுவில் அங்கமுத்து. "வாங்க மாப்ள," என்று இந்தப் பக்கம் இரண்டடி வைப்பார், "நீங்களும் வாங்க மாப்ள," என்று அந்தப் பக்கம் மூன்றடி வைப்பார். இப்படி அவர் நாளெல்லாம் நடந்ததில் வாசலில் குழி விழுந்தது. கணக்குப்படி ஒவ்வொரு நடைக்கும் ஓரடி கேசவமூர்த்தி பக்கம் சாய்கிறார் என்று பேக்கரி பெஞ்சு தீர்ப்புச் சொல்லியது. சிந்துஜா தட்டில் இரண்டு காபியை வைத்துக்கொண்டு நின்றாள், இரண்டும் ஆறிப்போயின.

பூபேஷ் மயில்ராஜிடம் ஓடினான். மயில்ராஜ் தினசரித்தாளை விரித்து, அதன்மேல் பூபேஷ் வண்டியிலிருந்து கழற்றிய கேலிப்பரையும், பெட்டியிலிருந்து எடுத்த தங்கக்கலர்க் கேலிப்பர் ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான். பழசு கரிபிடித்து முட்டை அடைகாக்கிற கோழிபோல் உட்கார்ந்திருந்தது. புதுசு நகைக்கடையிலிருந்து வந்ததுபோல் மின்னியது. பட்டறைக்கு வந்திருந்தவர்களெல்லாம் நல்லது கெட்டது பார்க்கச் சுற்றி நின்றார்கள்.

"என்னங்ணா வித்தியாசம்?"

"இங்க பாருங்க. இது உங்களுது. இதுல பிஸ்டன் ரெண்டும் ஒரே பக்கம். இந்தப் பக்கம் அமுத்தும், அந்தப் பக்கத்துப் பேடு சும்மா, கூட இழுபட்டு வர்றதுதான். நம்மூருக் கல்யாணம் மாதிரின்னு வெச்சுக்குங்க."

"கேசவமூர்த்தியுது?"

"மூணு. அதுவும் ஒரே பக்கந்தான். பெரிய எடத்துக் கல்யாணம், அவ்வளவுதான் வித்தியாசம். இது நாலு பிஸ்டன். ரெண்டு இந்தப் பக்கம், ரெண்டு அந்தப் பக்கம். ரெண்டு பக்கமும் அமுத்தும். நான் டிராக்குல இருந்தப்ப இதத்தான் போட்டுக் குடுப்பேன்."

"ரெண்டு பக்கமும் அமுத்தினா என்னாகும்?"

மயில்ராஜுக்கு அது தெரியாது. தெரியாது என்ற சொல் அவன் வாயிலிருந்து வந்ததில்லை. "என்னாகும், நல்லாப் பிடிக்கும்," என்றான். சுற்றி நின்றவர்களும் நல்லாப் பிடிக்கும் என்றார்கள். அதற்குமேல் ஒரு மனிதனுக்கு என்ன வேண்டும். நாலு பிஸ்டனைப் பூட்டி, குழாயை மாற்றி, ஆயில் ஊற்றி, காற்றெடுத்து, பூபேஷ் வேலங்காட்டுக்குப் போனான்.

அழுத்தியதும் அங்கமுத்து நேராகக் கேசவமூர்த்தியிடம் போய், "இக்கட்டால நிழலு இல்லீங்க, வேற எங்கயாச்சும் போய் நில்லுங்க," என்று கைகூப்பினார். கேசவமூர்த்தி போனான். பூபேஷ் ஜெயித்துவிட்டான். ஆனால் அதோடு நிற்கவில்லை. கைகூப்பிய அங்கமுத்துவின் காதில் கற்றையாக முடி நீட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தான், அவருடைய காதுமுடி அவனுக்குப் பிடித்தது. இத்தனை நாள் குரைத்துக்கொண்டிருந்த நாயைப் பிடித்தது. அங்கமுத்து பெண்டாட்டி பேசும்போது வார்த்தைக்கு வார்த்தை முந்தானையை முறுக்குவது பிடித்தது. அப்புறம் சிந்துஜா வெளியே வந்தாள். இத்தனை தடவை வந்தும் அவளை அவன் பார்த்திருக்கவில்லை, அவள் வாயிலிருந்து அந்த ஒரு வார்த்தை வருகிறதா என்பதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். முன்பல் ஒன்று ஓரத்தில் லேசாக உடைந்திருந்தது. புடவையில் ஆஸ்பத்திரி ஸ்பிரிட் வாசம். எறும்பு கடித்த மாதிரிதான் இருக்கும் என்று நாளெல்லாம் சொல்லிச்சொல்லி, எதைப் பேசினாலும் தைரியம் சொல்வதுபோலவே பேசுகிற குரல். ஐயோ, இவளை எனக்குப் பிடித்திருக்கிறதே என்று பூபேஷுக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை வருசத்தில் உனக்குப் பிடித்திருக்கிறதா என்று அவனிடம் யாரும் கேட்டதில்லை, அவனும் கேட்டுக்கொண்டதில்லை.

கை வலித்து லீவரை விட்டான். சிந்துஜா முகத்திலிருந்த சிரிப்பு, விளக்கை அணைத்ததுபோல் போய்விட்டது. அவன் பாதி குடித்திருந்த டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். அது தினமும் நடப்பதுதான், இத்தனை நாள் அவன் அதற்குள் வண்டியைத் திருப்பியிருப்பான். இன்றைக்கு நின்று பார்த்தான். அவனுக்கு மட்டும் விடவில்லை. வீட்டுக்கு வந்தும் விடவில்லை, சாப்பிடும்போதும் விடவில்லை. மயில்ராஜிடம் கேட்டதற்கு, முன்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "உங்க பக்கத்துப் பிஸ்டன் ரெண்டும் உள்ள போகாம ஜாமாயி நிக்குது. புதுச் சாமானு, ஓட ஓடச் செரியாப் போயிருமுங்க," என்றான்.

கல்யாணத்துக்கு நாள் நெருங்கியதும் ஊருக்குப் புதுக்கவலை வந்தது. தாலி கட்ட இரண்டு கை வேண்டும். லீவரை விட்டால் பெண்ணுக்குப் பிடிக்காது, பிடித்தால் முடிச்சு விழாது. ஒரு கையாலும் பல்லாலும் முடிச்சுப் போட முடியுமா என்று பேக்கரி பெஞ்சில் மஞ்சள் கயிற்றை வைத்துப் பழகிப் பார்த்தார்கள், கழுத்தைக் கொடுத்தவர் மூச்சுத் திணறி எழுந்து ஓடினார். கடைசியில், கெட்டிமேளத்தில் விட்டு, மின்னல்போல் முடிச்சைப் போட்டு, மறுபடி எட்டிப் பிடித்துவிடுவது என்று முடிவானது. அந்த இடைவெளியில் பொண்ணு என்ன சொல்லிவிடப் போகிறது, மேளச்சத்தத்தில் கேட்கவா போகிறது என்று சமாதானம் சொல்லிக்கொண்டார்கள். புளியங்கொம்பாகப் பிடித்திருக்கிறான், விட்டுவிடக் கூடாது என்பதுதான் ஊரின் எண்ணம்.

முகூர்த்தத்தன்று மணமேடையில் வண்டியை ஏற்றி வாழைமரத்துக்கு நடுவில் நிறுத்தியிருந்தார்கள். மாப்பிள்ளை பட்டுவேட்டியில் வண்டிமேல், வலது கை லீவரில். பெண் பக்கத்தில் முக்காலியில். கல்யாணத்தை நடத்திவைக்கும் அருமைக்காரர், வண்டியின் ஹெட்லைட்டுக்கும் ஒரு சந்தனப்பொட்டு வைத்தார். மண்டபம் முழுக்க பூபேஷைப் பிடித்தவர்கள். கேசவமூர்த்திகூட முதல் வரிசையில் உட்கார்ந்து கண்ணீர்விட்டுக்கொண்டிருந்தான். சீர் முறைகள் ஒவ்வொன்றாக நடக்க நடக்க, பூபேஷ் குனிந்து மெதுவாகப் பேச்சுக் கொடுத்தான்.

"அம்மிணி, உங்களுக்குச் சாப்பாட்டுல என்னங்க பிடிக்கும்?"

"உங்களைத்தானுங்க," என்றாள் சிந்துஜா.

"அது சரிங்க. பாட்டு, கீட்டு?"

"உங்களைத்தானுங்க."

"ஆஸ்பத்திரி வேலை பிடிக்குமுங்களா?"

"உங்களைத்தானுங்க பிடிக்கும்."

அதே குரல், தைரியம் சொல்கிற குரல். உடைந்த பல் தெரியச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்குள் யாருமில்லை. தன்னைப் பிடிக்காத சிந்துஜாவுக்குக் கத்தரிக்காய் பிடிக்குமா பிடிக்காதா என்று ஏதோ ஒன்று இருந்திருக்கும், அவளைத்தான் அவனுக்குப் பிடித்திருந்தது, அவளை இந்தக் கையே அழுத்தி நிறுத்திவைத்திருக்கிறது. பூபேஷ் பெரிய சிந்தனைக்காரன் ஒன்றும் இல்லை. ஆனாலும் அவனுக்குத் தாங்கவில்லை.

கெட்டிமேளம் என்றார் அருமைக்காரர். பூபேஷ் லீவரை விட்டான். மண்டபம் முழுக்க ஒரு பெருமூச்சுப்போல் என்னவோ கலைந்தது. கேசவமூர்த்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு போனைப் பார்த்தான். பின்வரிசை எழுந்து பந்திக்கு நடந்தது. பூபேஷ் தாலியை எடுக்கவில்லை. வண்டியிலிருந்து இறங்கினான், அவன் இறங்கிப் பலபேர் பார்த்ததில்லை, அவன் இவ்வளவு குட்டையா என்று ஒரு குரல் கேட்டது. முக்காலிக்கு முன்னால் நின்று, மேளக்காரரைப் பார்த்துக் கையைக் காட்டினான். மேளம் நின்றது.

"இப்பச் சொல்லுங்க. என்னைய உங்களுக்குப் பிடிச்சிருக்குதுங்களா?"

சிந்துஜா சுற்றிலும் பார்த்தாள், தன் பட்டுப்புடவையைப் பார்த்தாள், மாலையைப் பார்த்தாள், அவனை மேலிருந்து கீழ்வரை, ஊசி போட இடம் தேடுகிறவள்போல் நிதானமாகப் பார்த்தாள்.

"தெரியலீங்க," என்றாள். "ரோசனை பண்ணித்தான் சொல்லோணும்."

மண்டபம் கொதித்துவிட்டது. "என்னது, தெரியலையா?" "பிடிச்சிருக்குதுன்னு சொல்லு, இல்ல பிடிக்கலைன்னு சொல்லு, அதென்ன தெரியலை?" அங்கமுத்து மேடைக்கு ஓடிவந்து பூபேஷ் கையைப் பற்றி லீவரை நோக்கி இழுத்தார். "பிடிங்க மாப்ள, ஒரு நிமிசம் பிடிங்க, எல்லாஞ் செரியாப் போயிரும்." அருமைக்காரர், "நேரம் போவுது, பிடிப்பா," என்றார். ருக்மணி கீழேயிருந்து, "சாமி, அம்மாவுக்காகப் பிடி கண்ணு," என்றாள். மண்டபமே ஒரே குரலாகப் பிடி பிடி என்று கத்தியது, தாலியும் ஏறாமல், பந்தியும் முடியாமல் ஒரு முகூர்த்தம் கெடுவதைப் பார்க்க யாருக்கும் மனசில்லை. பூபேஷ் இரண்டு கையையும் கட்டிக்கொண்டு நின்றான். "இல்லீங்க மாமா. அம்மிணி ரோசிக்கட்டும்," என்றான்.

சிந்துஜா மாலையைக் கழற்றி முக்காலிமேல் வைத்துவிட்டுக் கீழே இறங்கினாள். கையலம்பிவிட்டுப் பந்தியில் உட்கார்ந்தாள். கத்தரிக்காய்க் கூட்டை ஒதுக்கிவிட்டுச் சாப்பிட்டாள் என்று பக்கத்து இலைக்காரர்கள் சொன்னார்கள்.

வண்டியை மேடையிலிருந்து இறக்கினால் அது உருளவில்லை. முன்சக்கரம் பிடித்தது பிடித்தபடி நின்றது. நாலு பேர் முன்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்குக் கொண்டுபோனார்கள். மயில்ராஜ் படுத்துப் பார்த்தான்.

"உங்க பக்கந்தானுங்க. இன்னும் விடவேயில்ல. கழட்டிச் சுத்தம் பண்ணினா ஒரு மணி நேரத்துல விட்டுப்போயிருமுங்க, பண்ணட்டுங்களா?"

"வேண்டாமுங்ணா."

"அப்பறம் வண்டி ஓடாதுங்களே."

"ஓடாட்டிப் போகுது," என்றான் பூபேஷ்.

அதற்குப் பிறகுதான் ஒத்தக்கல்மேட்டுக்காரர்கள் பிறந்ததிலிருந்து முதல்முறையாக ஓர் அதிசயத்தைப் பார்க்கக் கிளம்பினார்கள். பிரேக்கை அழுத்தினால் மனிதரை மனிதருக்குப் பிடிக்கும் என்பதை டீ ஆறுவதற்குள் ஒப்புக்கொண்ட சனம், ரப்பருக்குக் குங்குமம் வைத்த சனம், கருவறைக்கு நேரே வண்டியை விட்ட சனம், ஒரு பெண் தன் கல்யாணத்தைப் பற்றி யோசித்துச் சொல்கிறேன் என்று சொன்னதை நம்பமுடியாமல், வேன் வைத்துக்கொண்டு, கட்டுச்சோறு கட்டிக்கொண்டு, வேலங்காட்டுக்குப் போய் அங்கமுத்து வீட்டு வேலியோரம் நின்று எட்டி எட்டிப் பார்த்தது. பெரிய ஊர்களிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். சோளப்பொரிக்காரர் கடை போட்டார். "இன்னுமா ரோசிக்குது?" என்று வருகிறவர்கள் கேட்டார்கள், "இன்னும் ரோசிக்குதாமா," என்று போகிறவர்கள் சொன்னார்கள். இத்தனை ரோசித்தால் ஒரு பொம்பளைப் பிள்ளைக்குத் தலை தாங்குமா என்று பெரியவர்கள் கவலைப்பட்டார்கள். இவ்வளவுக்கும் நடுவில் அவள் காலையில் டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு, கூட்டத்தை விலக்கி, பஸ் ஏறி ரத்தம் எடுக்கப் போய்க்கொண்டிருந்தாள்.

பூபேஷ் மட்டும் பார்க்கப் போகவில்லை. போன் மணி அடிக்கும்போதெல்லாம் ருக்மணிக்கு முன்னால் எழுந்துபோய், எடுக்காமல் பக்கத்தில் நின்றான். பயமாக இருந்தது. அவளை அவனுக்கு ரொம்பப் பிடித்திருந்தது.